தலைவலி என்று சொன்ன மாத்திரை

நாத்தனாருக்கு வரன் கொண்டுவந்த நாளிலிருந்து நிஷாவுக்கு ஸ்ரீரங்கத்து வீட்டில் திடீர் மரியாதை. ஐந்து வருடமாக அவள் போட்ட காபியைக் குறை சொல்லாமல் குடித்ததில்லை மாமியார் கமலவல்லி. இந்த ஒரு மாதமாக, நன்றாக இருக்கிறது என்று சொல்லி டம்ளரைத் திருப்பித் தருகிறாள்.

எல்லாம் நவநீதன் செய்த மாயம். அவன் நிஷாவின் பெரியம்மா மகன். வையம்பட்டியில் தோட்டம், மணப்பாறையில் வங்கி வேலை, சிகரெட் பழக்கம் கிடையாது. அவனுடைய ஜாதகமும் நாத்தனார் மகாலட்சுமியின் ஜாதகமும் பொருந்திவிட்டன என்று தெரிந்த அன்றைக்கே, மருமகளுக்கு ஒரு முழம் பூ கூடுதலாக வாங்கினாள் கமலவல்லி. நிஷாவும் அதைத் தலை நிறைய வைத்துக்கொண்டு திரிந்தாள். மாமியார் வீட்டில் சும்மா கிடைக்கிற பூவைச் சந்தேகப்பட வேண்டாமா? படவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்குள் பேச்சை முடித்துப் பூ வைத்துவிட வேண்டும் என்று மாமனார் ரத்தினவேல் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் நேரத்துக்கு முடிக்கவில்லையென்றால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இன்றைய வினை அதிலிருந்துதான் தொடங்கியது.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் கமலவல்லி மகளுக்கு ஒரு மாத்திரை கொண்டுவருவாள். அட்டையோடு அல்ல, பிரித்து உள்ளங்கையில் வைத்து. விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். மகாலட்சுமிக்கு ஒற்றைத் தலைவலி, அதற்கான மாத்திரை என்று நிஷாவிடம் கல்யாணமான புதிதில் சொன்னார்கள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஒருமுறை மாமனாரின் பிரஷர் மாத்திரையைப் பற்றி ஏதோ கேட்கப்போய், இந்த வீட்டுக்கு டாக்டர் இருக்கிறார் என்று பதில் வாங்கியவள் அவள்.

நிஷாவுக்கு வேலையே கேட்பதுதான். மருத்துவக் கல்லூரி நூலகத்தில் இருக்கிறாள். மாணவர்களும் டாக்டர்களும் ஒரு மருந்தைப் பற்றியோ நோயைப் பற்றியோ தகவல் வேண்டுமென்று வந்தால், இணையத்தில் எது நம்பத்தக்கது, எது குப்பை என்று பிரித்துத் தேடிக் கொடுப்பாள். தேடத் தொடங்கும் முன் அவள் கேட்கும் கேள்விகளைக் கல்லூரியே கேலி செய்யும். யாருக்கு, என்ன வயது, வேறென்ன மருந்து என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், இந்த நோய் என்று யார் சொன்னது என்று கேட்பாள். அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவள் கம்ப்யூட்டர் பக்கமே திரும்பமாட்டாள்.

வீட்டில் கேட்காமல் திரும்பினாள்.

இரண்டு வாரத்துக்கு முன், அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, பீரோவில் அந்த மாத்திரை அட்டையைக் கண்டுபிடித்துப் படம் எடுத்துக்கொண்டாள் மகாலட்சுமி. கல்யாணம் ஆகப்போகிறதே, என்னதான் சாப்பிடுகிறோம் என்று பார்ப்போம் என்ற எண்ணம்தான். போனில் பேரைப் போட்டுத் தேடியதும் அவளுக்கு வியர்த்துவிட்டது. இது வலிப்புக்கு என்றது ஒரு வீடியோ. மனநோய்க்கு என்றது இன்னொன்று. இதைச் சாப்பிட்டால் பிள்ளையே பிறக்காது, எங்கள் மூலிகைத் தைலத்தை வாங்குங்கள் என்றார் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் போட்ட ஒருவர். மாடிக்கு ஓடிவந்து அண்ணியிடம் போனை நீட்டினாள்.

நிஷாவுக்கு அதில் ஒரு பெருமை. ஐந்து வருடத்தில் அந்த வீட்டில் அவள் படிப்பை மதித்து ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. தேட வேண்டிய இடத்தில் தேடினாள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகளின் பக்கங்களைப் பார்த்தாள். யார் எழுதியது, எப்போது திருத்தியது என்று பார்த்தாள். எல்லாப் பக்கமும் ஒரே விஷயத்தைச் சொல்லின. தலைவலிக்கு என்றால் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இந்த மருந்து கூடவே கூடாது, கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். அதே பக்கத்தில் கீழே இன்னொன்றும் இருந்தது. வலிப்புக்காகச் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதை நிறுத்தவே கூடாது.

"அந்த வலிப்பு, மனநோய் எல்லாம் வேற ஆளுங்களுக்கு, மகா. உனக்கு அது இல்ல. நீ மேல இருக்கிறத மட்டும் பாத்தா போதும்" என்று சொன்னாள் நிஷா. மேல் பாதியை மட்டும் தமிழில் சுருக்கி, குரல் பதிவாகவும் அனுப்பினாள். அத்தையிடம் சொல்லி டாக்டரைப் பார்த்து வேறு மாத்திரை மாற்றிக்கொள் என்று ஒப்புக்குச் சொன்னாள்.

அம்மாவிடம் சொன்னால் போனைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று மகாலட்சுமிக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு தண்ணீரைக் குடித்தாள். அம்மா நகர்ந்ததும் துப்பினாள். தினமும்.

ஞாயிறு காலை. சமையலறையில் வாழைக்காய் சீவிவைத்துவிட்டு, நாத்தனாரின் அறையில் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள் நிஷா. எந்தப் புடவை என்று இன்னும் முடிவாகவில்லை. பச்சையா நீலமா என்று கேட்டாள். பதில் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். மகாலட்சுமியின் கண்கள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றன. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அப்படியே சரிந்தாள். கை கால் விறைத்தது, பிறகு வெட்டி வெட்டி இழுத்தது.

நிஷா அலறிய அலறலில் கமலவல்லி ஓடிவந்தாள்.

ஓடிவந்தவள் அழவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை உருவினாள், மகளின் வலது கையைப் பிரித்துச் சாவிகளை உள்ளே வைத்தாள், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். பூட்டைத் திறக்கிற மாதிரி, யோசிக்காமல் செய்தாள்.

"அத்தை, சாவியெல்லாம் வேணாம். ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்."

"எனக்குத் தெரியும். நீ கதவைச் சாத்து, பக்கத்து வீட்டுல கேட்கும்."

எனக்குத் தெரியும். அந்த இரண்டு சொல்லில் நிஷாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்தக் கை இதை முதல்முறையாகச் செய்யவில்லை. அவள் கதவைச் சாத்தவில்லை. மாமியாரைத் தோளால் தள்ளிவிட்டு மகாலட்சுமியை ஒரு பக்கமாகப் புரட்டினாள், தலைக்கடியில் தலையணையை இழுத்து வைத்தாள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வண்டியை எடுங்கள் என்று கணவனைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

காவிரிப் பாலத்தில் போகும்போது மகாலட்சுமிக்கு நினைவு திரும்புவதற்குள் இரண்டாவது முறையும் வந்துவிட்டது. பின் சீட்டில் நிஷாவின் மடியில் அவள் தலை. வாயோரம் ரத்தம், நாக்கைக் கடித்திருந்தாள். முன் சீட்டிலிருந்து மாமனார், ஹாரன் அடிடா என்று மகனைத் திட்டிக்கொண்டே வந்தார். சாவிக்கொத்து இன்னும் அந்தப் பெண்ணின் கைக்குள்ளேயே இருந்தது.

தில்லை நகர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெஸ்லின் ஊசி போட்டு, இழுப்பு நின்ற பிறகுதான் கேள்வி கேட்க உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று சொல்லிவிட்டு, எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேட்டார்.

கமலவல்லி மருமகளைப் பார்த்தாள். "நீ வெளிய இரும்மா."

நிஷா வெளியே போனாள். பழக்கதோஷம். வளைகாப்புப் பேச்சா, நிலப் பேச்சா, மாமனாரின் பென்ஷன் பேச்சா, அந்த வீட்டில் எதற்கும் அவளை வெளியே இருக்கச் சொல்வார்கள். கதவுக்கு வெளியே நின்றபடி அவள் தன் போனை எடுத்து அந்தப் பழைய பக்கத்தைத் திறந்தாள். கீழ்ப் பாதியைப் படித்தாள். திடீரென்று நிறுத்தினால் என்னென்ன ஆகும் என்று போட்டிருந்ததோ அத்தனையும் இன்று அவள் மடியில் நடந்திருந்தது. பக்கத்தில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. தப்பு அவள் வெட்டிய இடத்தில் இருந்தது.

உள்ளே குரல் உயர்ந்தது. கதவு படாரென்று திறந்தது.

"இவதான்." கமலவல்லி விரலை நீட்டினாள். மருந்துச் சீட்டோடு வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "போன்ல என்னத்தையோ பாத்து என் பொண்ணை மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கா. கூட இருந்தே குழி பறிச்சிட்டா, டாக்டர்."

மாத்திரையை நிறுத்தினாளா என்று டாக்டர் கேட்டதும், மகளின் போனைத் திறந்து அந்தக் குரல் பதிவைக் கேட்டிருக்கிறார்கள். டாக்டர் நிஷாவை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

நிஷா சொன்னாள். எந்தப் பக்கத்தில் பார்த்தாள் என்பதையும் சொன்னாள். டாக்டரின் முகம் மாறியது, ஆனால் கனியவில்லை. அந்தப் பக்கம் சொல்வது சரிதான், இந்த வயதில் இந்த மருந்தை மாற்றியிருக்க வேண்டும்தான், ஆனால் மெதுவாக, நாங்கள் மாற்ற வேண்டும் என்றார். பாதியைச் சொல்லிப் பாதியை விட்டது உங்கள் தப்பு என்றார். பிறகு கமலவல்லி பக்கம் திரும்பி, கடைசியாக டாக்டரைப் பார்த்தது எப்போது என்று கேட்டார். எட்டு வருடமாக டாக்டரையே பார்க்காமல், தெரிந்த மருந்துக் கடையில் பழைய மாத்திரையின் பேரைச் சொல்லி வாங்கி வந்திருக்கிறார்கள். நரம்பு டாக்டரிடம் போனால் யாராவது பார்த்துவிடுவார்களாம்.

டாக்டர் எழுந்து போய்விட்டார். சண்டை அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

நெட்டில் பார்த்து வைத்தியம் பண்ணுகிற அளவுக்கு உனக்குத் துணிச்சலா என்றார் ரத்தினவேல். புகுந்த வீட்டுப் பெண் செத்தால் என்ன என்று நினைத்தாயா என்றாள் கமலவல்லி.

"என்கிட்ட தலைவலின்னு சொன்னது யாரு?" நிஷா மாமியாரை நோக்கி ஒரு அடி வைத்தாள். "அஞ்சு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன். நோய் பேரையே மாத்திச் சொல்லிட்டு, நான் தேடினது தப்புன்னு சொல்றீங்களா, அத்தை?"

"உனக்கு எதுக்குச் சொல்லணும்? நீ யாரு, டாக்டரா?"

நிஷா கணவனைப் பார்த்தாள். கணேஷ்குமார் சுவரில் ஒட்டியிருந்த கண் பரிசோதனை விளம்பரத்தை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க" என்றான், விளம்பரத்தைப் பார்த்தபடியே.

ஒரு மனிதனோடு ஐந்து வருடம் ஒரே பாயில் படுத்து எழுந்தவளுக்கு அதைவிடப் பெரிய அடி வேறு வேண்டியதில்லை. நிஷா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கமலவல்லியும் எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கும் மூச்சு வாங்கியது. உறையூரில் இருக்கும் தன் தங்கை ராக்கம்மாளைப் பற்றிப் பேசினாள். அவளுக்கும் இதேதான். உண்மையைச் சொல்லி மாப்பிள்ளை பார்த்தார்கள். வந்த ஒவ்வொருவனும் காபியைக் குடித்துவிட்டுப் போனான். இன்றைக்கு வரைக்கும் தனியாகத்தான் இருக்கிறாள். "என் பொண்ணை அப்படி உட்கார வைக்க எனக்கு மனசு வரல. நீ ஒரு பொண்ணைப் பெத்துப் பாரு, அப்பத் தெரியும்" என்றாள்.

பிள்ளை இல்லாதவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? நிஷாவிடம் மிச்சமிருந்த பொறுமையும் அதோடு போயிற்று.

மதியம் போயிற்று. மகாலட்சுமி வார்டில் திரைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள். வருகிறவர்களை வரவேண்டாம் என்று சொல்ல யாரும் போனை எடுக்கவில்லை. ரத்தினவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குக் கண் விழித்துவிட்டால் கூட்டிக்கொண்டு போய்விடலாம், முகத்தைக் கழுவிப் பூ வைத்தால் ஒன்றும் தெரியாது, நாலரைக்குள் முடித்துவிடலாம் என்று மனைவியிடம் சொன்னார். மனிதர் நிஜமாகவே சொன்னார்.

அப்போதுதான் நிஷாவின் போன் அடித்தது. வையம்பட்டிப் பெரியம்மா. சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கிவிட்டார்களாம், பழம் வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறப் போகிறார்களாம், மாம்பழம் பெண்ணுக்குப் பிடிக்குமா என்று கேட்டாள். ஒரு நிமிடத்தில் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தாள் நிஷா.

"வயித்துப்போக்குன்னு சொல்லிடு. அடுத்த ஞாயிறு வரச் சொல்லு" என்றார் ரத்தினவேல்.

"நான் பொய் சொல்லமாட்டேன், மாமா."

"நீ கொண்டு வந்த வரன்தானே. நீதான் சொல்லணும்" என்றாள் கமலவல்லி.

நிஷா எழுந்தாள். இனி அடக்க அவளிடம் ஒன்றும் இல்லை. "ஓ, அதுக்குத்தான் பூவா? அதுக்குத்தான் காபி நல்லா இருந்துச்சா? இப்படி ஒரு வியாதிக்காரியை என் தம்பி தலையில கட்டப் பாத்திருக்கீங்க, அதுவும் என்னை வச்சே!"

திரை அசைந்தது.

"என்னைத்தான் சொல்றீங்களா, அண்ணி?"

மகாலட்சுமி எழுந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் பாதி பின்னிய ஜடை அப்படியே தொங்கியது. நாக்கு வீங்கியிருந்ததால் சொல் குழறியது, ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. எப்போது விழித்தாள், எவ்வளவு கேட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை. நிஷாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. மாமியார் சொன்ன எல்லாவற்றையும்விட மோசமான வார்த்தையைத் தானே சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தலையில் கட்டுவதற்கு இவள் என்ன மூட்டையா?

"எனக்கு என்ன?" என்று கேட்டாள் மகாலட்சுமி.

"ஒண்ணுமில்ல கண்ணு. காலைல சாப்பிடலல்ல, மயக்கம்" என்றாள் கமலவல்லி.

"அண்ணி, நீங்க சொல்லுங்க."

நிஷா மாமியாரைப் பார்க்கவில்லை. "வலிப்பு, மகா. மாத்திரை அதுக்குத்தான். எனக்கும் காலைலதான் தெரியும். உனக்கு இல்லன்னு நான் சொன்னேன் பாரு, அது தப்பு."

அது உனக்குத்தான் என்று அந்த வீட்டார் யாரும் அவள் காதுபட இதுவரை சொன்னதில்லை. அவளுக்கு இருபத்தைந்து வயது. எப்போதிலிருந்து என்று அப்பாவைக் கேட்டாள். பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் விழுந்தாயே, அதிலிருந்து என்றார் ரத்தினவேல், தரையைப் பார்த்துக்கொண்டு. அன்றைக்கு அவளிடம் வெயில் மயக்கம் என்று சொன்னார்கள். அதன் பிறகு நீச்சல் வேண்டாம் என்றார்கள், ஸ்கூட்டி வேண்டாம் என்றார்கள், காவிரியில் இறங்காதே என்றார்கள். பெண் பிள்ளைக்கு எதற்கு என்றுதான் காரணம் சொன்னார்கள். அவள் அதற்காக எத்தனை நாள் அழுதிருக்கிறாள்.

"எல்லாரும் வெளிய இருங்க" என்றாள் மகாலட்சுமி.

"மகா, அம்மா சொல்றதைக் கேளு..."

"வெளிய இருங்கம்மா. அண்ணி மட்டும் இருக்கட்டும். கையில ஊசி இருக்கு, போனைப் பிடிக்க ஆள் வேணும்."

அதில் அன்பு இல்லை. நிஷா அதை எதிர்பார்க்கவும் இல்லை. மூன்று பேரும் வெளியே போனார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள். கமலவல்லி சாவிக்கொத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"நவநீதன் நம்பரைப் போடுங்க."

நிஷா போட்டாள். ஸ்பீக்கரை அழுத்தி, அவள் வாயருகே பிடித்தாள். மறுமுனையில் பஸ் ஹாரன்களும் பழக்காரியின் குரலும் கேட்டன. சொல்லுக்கா என்றான் நவநீதன்.

"அக்கா இல்லைங்க. நான் மகாலட்சுமி. கொஞ்சம் தள்ளி வந்து பேசுங்க, உங்க அம்மாவுக்குக் கேட்க வேணாம்." அவள் எச்சிலை விழுங்கினாள், நாக்கு வலித்தது போலிருக்கிறது, முகத்தைச் சுளித்தாள். "எனக்கு வலிப்பு இருக்கு. இன்னிக்குக் காலைல வந்து ஆஸ்பத்திரில இருக்கேன். நீங்க தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான். திரும்பிப் போறதுன்னா போயிடுங்க."

ஹாரன் சத்தம் மெல்லக் குறைந்தது. அவன் நடந்து தள்ளிப் போகிறான் என்று புரிந்தது.

"தெரியும்ங்க" என்றான் நவநீதன். "ஜாதகம் வந்த வாரமே உங்க வீட்டுலேர்ந்து ஒருத்தர் போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. எட்டு வருஷமா வரவே இல்ல, மாத்திரையை விடாம சாப்பிடுறாங்க, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க. யோசிச்சுத்தான் வந்திருக்கேன். இன்னிக்கு வந்துச்சுன்னா மாத்திரையை விட்டிருக்கணும். ஏன் விட்டீங்க?"

நிஷா கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். மூன்று முகங்களும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. போன் பண்ணிச் சொன்னது எந்த முகம் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மகாலட்சுமி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கு இப்பதாங்க தெரியும்" என்றாள்.